மூத்தோர் கணினி மன்றத்தின் முதல் பன்னாட்டு விழா

புதுக்கோட்டையில் ஒரு மன்றம் தொடங்க வேண்டுமென்றால் ஒரு மைக்கும் ஒரு குத்துவிளக்கும் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரும் இருந்தால் போதும். நோக்கம் என்று ஒன்று வேண்டுமே என்று யாராவது கேட்டால் அதை அழைப்பிதழ் அச்சடிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம். வெள்ளாறு நகர் மூத்தோர் கணினி மன்றம் அப்படித்தான் தொடங்கியது. கருவூலத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்ற சோலையப்பனுக்கு வீட்டில் பேச ஆள் கிடைக்காமல் போனது. ஊரில் மைக் கிடைத்தது. கணினி என்ற சொல் எப்படியோ பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

சவரிநாதன் அங்கே போய்ச் சேர்ந்தது கணினி படித்துப் பட்டம் வாங்குவதற்கு அல்ல. அவருக்குத் தன் அக்காவின் முகத்தைப் பார்த்து நாலு வார்த்தை பேசவேண்டும். அவ்வளவுதான்.

ஆவூரில் பிறந்தவர். நியாயவிலைக் கடையில் எடையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். இவரைப் பெற்ற கையோடு தாய் போய்விட, இடுப்பில் தூக்கிவைத்து வளர்த்தது மூத்தவள் ஞானசெல்விதான். அவள் பிறகு கன்னியர் மடத்தில் சேர்ந்தாள். மடம் அவளை இத்தாலிக்கு அனுப்பியது. யார் யாரோ பெற்ற கிழவிகளுக்கெல்லாம் அங்கே ஊழியம் செய்து, தானே கிழவியாகி, இப்போது ஒரு மலையூரில் வயதான சிஸ்டர்களுக்கான இல்லத்தில் படுக்கையில் கிடக்கிறாள். அங்கே வேலைசெய்யும் சிஸ்டர் ஷர்லி நாகர்கோவில் பக்கத்துப் பெண். அவள்தான் சவரிநாதனின் பக்கத்து வீட்டு ஸ்வீட்டி டீச்சருடைய போனுக்குக் கூப்பிட்டாள்.

"சிஸ்டர் சாப்பாட்டை நிறுத்திட்டாங்க அய்யா. தம்பி தம்பின்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. உங்க முகத்தைப் பார்க்கணுமாம். நாள் ரொம்ப இல்லைன்னு டாக்டர் சொல்றாரு."

ஸ்வீட்டி உடனே வீடியோ போட்டு போனை சவரிநாதன் கையில் கொடுத்தாள். அவருக்குக் காது மந்தம். போன் என்றால் காதில் வைப்பது என்பது கையின் பழக்கம். வைத்தார். "அக்கா, அக்கா" என்று கத்தினார். அந்தப் பக்கம் ஞானசெல்வி பார்த்தது முழுக்க அவருடைய காதை மட்டும்தான். எதிரே நீட்டிப் பிடிக்கச் சொன்னால் குரல் கேட்கவில்லை. சர்க்கரை நோய் தின்ற அவர் கண்ணுக்குக் கட்டைவிரல் அளவு முகமும் தெரியவில்லை. "யாரு இது, யாரு இது" என்று அக்கா கேட்டது மட்டும் ஸ்வீட்டியின் காதில் விழுந்தது. அதை அவள் அவரிடம் சொல்லவில்லை.

"மாமா, நம்ம மன்றத்துல பெரிய டிவி மாதிரி கம்ப்யூட்டர் இருக்காம். ஸ்பீக்கரும் இருக்கு. அங்க போயி உக்காந்து பேசுனா ஒங்களுக்கும் தெரியும், அவங்களுக்கும் தெரியும்" என்றாள் ஸ்வீட்டி. நல்லதைத்தான் சொன்னாள். அவள்மேல் குற்றமில்லை.

மன்றம் சமுதாயக் கூடத்தில் இருந்தது. நாலு கணினிகள் ஊதா வெல்வெட் உறை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, ஆடி வெள்ளிக்கு அலங்கரித்த அம்மன் மாதிரி வரிசையாக வீற்றிருந்தன. சவரிநாதன் போன அன்று முதலில் தமிழ்த்தாய் வாழ்த்து. அப்புறம் விளக்கேற்றல். அப்புறம் செயலாளர் திருமுருகன், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வரவேற்றார். வந்திருந்தவர்களை வரவேற்றார், வராதவர்களை வரவேற்றார், வருவதாகச் சொல்லியிருந்தவர்களையும் விடவில்லை. அப்புறம் புது உறுப்பினர் சவரிநாதனுக்குப் பொன்னாடை. அப்புறம் தலைமையுரை.

"கணினியை இன்னைக்கு யார் வேணாலும் தொடுறான்" என்றார் சோலையப்பன். "தொடுறதா பெரிசு? மரியாதை வேணும். நான் சர்வீஸ்ல இருந்த காலம் முழுக்க என் மேசையில ஒரு கம்ப்யூட்டர் இருந்துச்சு. ஒரு நாள் அதைத் தொட்டதில்லை. யாரையும் தொட விட்டதில்லை. ரிட்டயர் ஆகுறப்ப புத்தம்புதுசா ஒப்படைச்சுட்டு வந்தேன். இப்ப இருக்குற அதிகாரி எவனாவது அப்படிச் செய்வானா?"

பலத்த கைதட்டல். பிறகு வடை, டீ. பிறகு ஸ்டூடியோ அருண்குமார் எல்லாரையும் கணினிகளுக்குப் பின்னால் நிறுத்தி, கையைத் தட்டச்சுப் பலகைமேல் வைப்பதுபோல வைக்கச் சொல்லிப் படம் எடுத்தான். படத்துக்காக உறையைக் கழற்றினார்கள், எடுத்ததும் போட்டுவிட்டார்கள். வகுப்பு முடிந்தது.

அடுத்த வகுப்பும் இதே. அதற்கடுத்த வகுப்பும் இதே. சவரிநாதன் குழம்பிப்போய்ப் பக்கத்து நாற்காலிப் பிரகதாம்பாளிடம் கேட்டார். அந்த அம்மாள் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவர். மரியாதைக்காக எதையும் மென்று முழுங்குகிறவர் இல்லை.

"எப்பங்க சொல்லிக்குடுப்பாங்க?"

"எதை?"

"கம்ப்யூட்டரை."

"நான் சேந்து ரெண்டு தீபாவளி ஆச்சு. எனக்கு நாலு பொன்னாடை வந்துருக்கு. ஒரு தடவை துணிஞ்சு அந்த மவுஸைப் பிடிச்சு நகத்துனேன். அம்பு அசையல. திருப்பிப் பார்த்தா, அடி வயித்துல வெளிச்சம் வர்ற ஓட்டை மேலயே உபயம்னு ஸ்டிக்கர் ஒட்டிருக்கு. மேல்பக்கம் தலைவர் பேரு ஒட்டியாச்சாம். உபயதாரருக்கு வேற எடமில்லையாம். பிச்சா அவரு மனசு புண்படுமாம்."

சவரிநாதன் சிரிக்கவில்லை. அவருக்கு நேரமில்லை. எழுந்து போய்த் தலைவரிடமே விஷயத்தைச் சொன்னார். அக்கா, இத்தாலி, சாப்பாடு நின்றது, முகம் பார்க்க வேண்டும் என்று கேட்பது, எல்லாவற்றையும். "ஒரு பத்து நிமிசம் அந்தப் பெரிய கம்ப்யூட்டரைக் குடுத்தீங்கன்னா போதுங்கய்யா. அங்கிட்டு காலையில கொஞ்ச நேரம் அக்காவுக்கு நெனவு நல்லா இருக்குமாம். நமக்கு அப்ப மத்தியானம். அருண்குமார் தம்பிக்குப் போட்டுக்குடுக்கத் தெரியுமாம்."

சோலையப்பன் கண்ணை மூடிக்கொண்டார். சவரிநாதன் அதை இரக்கம் என்று எடுத்துக்கொண்டார். மனிதர் உண்மையில் மனதுக்குள் ஃப்ளெக்ஸ் டிசைன் போட்டுக்கொண்டிருந்தார்.

"இத்தாலியில எங்க? ரோமாபுரியா?"

"இல்லங்க. அது ஒரு மலைமேல சின்ன ஊரு."

"ரோம்னு போட்டுக்கலாம். மக்களுக்குப் புரியும்" என்றார் சோலையப்பன். "செயலாளரே, எழுதுங்க. மன்றத்தின் முதல் பன்னாட்டுக் காணொலிப் பெருவிழா!"

ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாயிற்று. வியாழனன்றே முச்சந்தியில் ஃப்ளெக்ஸ் எழுந்து நின்றது. சோலையப்பன் கை கூப்பி ஆளுயரத்துக்கு இருந்தார். அவர் தோளுக்குப் பக்கத்தில் பூமி உருண்டை ஒன்று, பந்து அளவில். அழைப்பிதழை சவரிநாதன் கண்ணுக்கு அருகில் வைத்துத் தேடித் தேடிப் பார்த்தார். தலைமை, முன்னிலை, வரவேற்புரை, தொடக்கவுரை, வாழ்த்துரை, சிறப்புரை, எழுச்சியுரை. "ரோமாபுரியிலிருந்து காணொலி வழி சிறப்பு விருந்தினர்: அருட்சகோதரி ஞானசெல்வி" என்று நடுவில் இருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில், நாட்டுப்பண்ணுக்கு மேலே, "நன்றியுரை: திரு. சவரிநாதன், உறுப்பினர்."

அவர் செயலாளர் வீட்டுக்கு ஓடினார்.

"சார், எங்க அக்கா கொஞ்ச நேரந்தான் தாங்குவாங்க. நான் மொதல்ல பேசிக்கிறேன். அப்புறம் நீங்க விடிய விடியக்கூடப் பேசுங்க."

திருமுருகன், கணக்கில் தப்புப் போட்ட பையனைப் பார்க்கும் பார்வையில் அவரைப் பார்த்தார். "நன்றியுரையை முதல்ல வச்சா மக்கள் எந்திரிச்சுப் போயிருவாங்க. இது நானும் நீங்களும் வச்ச முறையா? காலங்காலமா இருக்கிற முறை. உங்களுக்கு ஒரு உரை ஒதுக்கியிருக்கோம். அதுவே எத்தனை பேருக்குப் பொறாமை தெரியுமா?"

ஞாயிறு வந்தது. சவரிநாதன் வெள்ளை வேட்டி சட்டை போட்டு, முகத்தை வழித்து, தலையைப் படிய வாரியிருந்தார். அக்கா அடையாளம் கண்டுகொள்ள வேண்டுமே. மேடை நடுவில் ஒரு மேசை, அதன்மேல் அந்தப் பெரிய கணினி, உறையில்லாமல். முதல் வரிசை முன்னிலை வகிப்பவர்களுக்கு. இரண்டாவது, வாழ்த்துபவர்களுக்கு. நன்றி சொல்கிறவர் மூன்றாம் வரிசையில் ஓர் ஓரம். முன்னால் ஒரு தூண்.

தமிழ்த்தாய் வாழ்த்து முடியும் முன்பே அருண்குமார் தொடர்பைப் போட்டுவிட்டான். திரை வெளிச்சமானது. அக்கா வந்தாள்.

தலையணைகளில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். வெள்ளை முக்காடு. முகம் சுருங்கிக் கைக்குள் அடங்கிவிடும்போல இருந்தது. ஆனால் அந்தக் கண்கள் மாறவில்லை. ஆவூரில் பள்ளிக்கூட வாசலில் நின்று, கும்பலாக ஓடிவரும் பிள்ளைகளுக்குள் தம்பியைத் தேடும் கண்கள். இப்போதும் தேடின. தூணுக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து பார்த்த சவரிநாதனுக்கு அவ்வளவு தூரத்திலும் அது தெரிந்தது.

"சிஸ்டர், பாருங்க, தம்பி வந்துட்டாங்க, பாருங்க" என்று ஷர்லியின் குரல் ஸ்பீக்கரில் கேட்டது.

"சவரி எங்க?" என்றாள் அக்கா. தமிழில். தெளிவாக.

அவர் எழுந்தார். திருமுருகன் மைக்கோடு குறுக்கே வந்தார். "உக்காருங்க, உக்காருங்க. உங்க முறை வரும்." சவரிநாதன் உட்கார்ந்தார். ஏன் உட்கார்ந்தார் என்று கேட்டால் என்ன சொல்வது? காலமெல்லாம் மண்ணெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் வந்த சனத்தை வரிசையில் நில்லு, முறை வரும் என்று சொல்லியே பழகிய மனிதர். முறை என்று ஒருவன் சொன்னால் முட்டி தானாக மடங்குகிறது. இந்த நாட்டில் முறை என்று சொல்லி உட்கார வைக்கிறவன் ஒருநாளும் வரிசையில் நிற்பதில்லை என்பது அவருக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை.

வரவேற்புரை நடந்தது. தொடக்கவுரை நடந்தது. பேசுகிறவர்கள் எல்லாரும் மேசைக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து நின்றார்கள். ஆகவே ஞானசெல்வி பார்த்ததெல்லாம் முதுகு. வரிசையாக முதுகு. சந்தன நிறச் சட்டை முதுகு, கதர் முதுகு, வியர்வை ஊறிய முதுகு. ஒவ்வொரு முதுகும் விலகும்போது அவள் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். அதற்குள் அடுத்த முதுகு வந்தது.

"அய்யா, சிஸ்டர் சோர்ந்துட்டு வராங்க. தம்பியைக் கொஞ்சம் முன்னால வரச்சொல்லுங்களேன்" என்று ஷர்லி கெஞ்சினாள். அருண்குமாரிடம் திருமுருகன் கையைக் காட்டினார். அவன் ஸ்பீக்கரைக் குறைத்தான். எழுச்சியுரைக்கு அது இடைஞ்சலாக இருந்ததாம்.

சோலையப்பன் எழுந்தார்.

"ரோமாபுரியிலிருந்து ஒரு துறவி நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்! ஏன் பார்க்கிறார்? நாம் பார்க்கும்படி இருக்கிறோம், அதனால் பார்க்கிறார்! இந்த மன்றத்தைக் கேலி பேசினவர்கள் உண்டு. இவர்கள் கணினியைத் திறப்பதே இல்லை என்றார்கள். இன்று திறந்திருக்கிறதா இல்லையா? இனி ஓராண்டுக்கு எவனும் கேட்க முடியாது! சகோதரி சவரிநாதனின் தமக்கை என்று சொன்னார்கள். நான் சொல்கிறேன், அவர் இனி சவரிநாதனுக்கு மட்டும் சொந்தமில்லை. மன்றத்துக்குச் சொந்தம்! இப்போது அந்தத் தாயுள்ளத்துக்கு மன்றத்தின் சார்பில் பொன்னாடை அணிவிக்கிறேன்!"

தட்டில் பொன்னாடை வந்தது. கொஞ்சம் தயக்கம் இருந்தது. விருந்தினர் இங்கே இல்லையே, எங்கே போர்த்துவது? சோலையப்பனுக்கு மட்டும் தயக்கம் என்பதே கிடையாது. பொன்னாடையை இரு கையாலும் விரித்து, கணினித் திரைக்கு மேலே போட்டு, தலை முதல் அடி வரை மூடி, இரு பக்கமும் மடிப்புக் கலையாமல் நீவிவிட்டார். சரிகைக் கரை கேமராவுக்கு மேலே நேராக வந்து நின்றது. தலைவர் பக்கத்தில் நின்று சிரித்தார்.

"அப்படியே இருங்கய்யா" என்றான் அருண்குமார். ஒரு படம். முன்னிலை வகித்தவர்களோடு ஒரு படம். வாழ்த்தியவர்களோடு ஒரு படம். கைதட்டல் கூரையைத் தூக்கியது.

பொன்னாடைக்குள்ளிருந்து மெலிதாக ஒரு குரல் வந்தது. அக்கம்பக்கத்தில் யாருக்கும் கேட்கவில்லை. காது மந்தமான சவரிநாதனுக்குக் கேட்டது.

"இருட்டா இருக்கு. ஏன் இருட்டாயிருச்சு? சவரி?"

அவர் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடினார். யார் காலையோ மிதித்தார். யாரோ "நன்றியுரை இன்னும் வரலைங்க" என்றார்கள். மேடையேறிப் பொன்னாடையைப் பிடித்து இழுத்தார். அது தலைவரின் கையில் மாட்டிக்கொண்டது. தலைவர் அதை விடவில்லை. படம் இன்னும் ஒன்று பாக்கி. பின்னாலிருந்து பிரகதாம்பாள் வந்து, "விடுங்கய்யா அதை! மனுசனாய்யா நீங்கல்லாம்?" என்று தலைவரின் கையையே தட்டிவிட்டார். துணி விழுந்தது.

அக்கா கண்ணை மூடியிருந்தாள். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ஷர்லி அவள் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"தூங்கிட்டாங்க அய்யா. பயந்துட்டாங்க, களைச்சுட்டாங்க. இனி இன்னைக்கு எழுப்ப விடமாட்டாங்க. நாளைக்குப் பார்க்கலாம், வச்சிடறேன்."

திரை கறுத்தது. சவரிநாதன் அதற்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். திருமுருகன் நிரலைப் பார்த்து, மணியைப் பார்த்து, மைக்கைக் கொண்டுவந்து அவர் வாயருகே நீட்டினார். "சரியா உங்க முறைதான். நன்றியுரை."

சவரிநாதன் கறுத்த திரையைப் பார்த்து, "அக்கா, நான் இங்கதான்க்கா இருந்தேன்" என்றார்.

கூட்டம் கைதட்டியது. "சுருக்கமும் உருக்கமும் நிறைந்த நன்றியுரை" என்று திருமுருகன் பாராட்டினார். நாட்டுப்பண் பாடினார்கள்.

நாளைக்கு என்றாளே ஷர்லி, அந்த நாளையில் அக்கா கண் திறக்கவில்லை. அதற்கு மறுநாள் கொஞ்சம் திறந்தாள். அதற்கப்புறம் இல்லை. ஸ்வீட்டியின் போனில் ஷர்லி அழுதாள். ஸ்வீட்டி அதை ஸ்பீக்கரில் போட்டு அவர் காதுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"கடைசியா ஒரு தடவை முழிச்சாங்க அய்யா. தம்பி வரலையான்னு கேட்டாங்க. வந்தாங்க சிஸ்டர்னு சொன்னேன். நம்பல."

மன்றத்தார் அன்று சாயங்காலமே வந்துவிட்டார்கள். இந்த ஒரு காரியத்தில் அவர்கள் தாமதம் செய்வதே இல்லை. சோலையப்பன் கறுப்புப் பட்டை குத்தியிருந்தார். திருமுருகன் கையில் இரங்கல் கூட்ட நிரல் இருந்தது.

"மன்றத்துக்கு ஏற்பட்ட பேரிழப்பு" என்றார் சோலையப்பன் உட்கார்ந்துகொண்டே. "பெரிசா செஞ்சிரலாம். ஃப்ளெக்ஸுக்கு சகோதரி படம் ஒண்ணு வேணும். அந்தா, சுவத்துல இருக்கே."

சுவரில் அக்கா முதன்முதலாக முக்காடு போட்ட அன்று எடுத்த படம் இருந்தது. சிரித்துக்கொண்டிருந்தாள். சவரிநாதன் எழுந்து அதற்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

"இது கெடையாது."

"சவரிநாதன், துக்கத்துல இருக்கீங்க, எங்களுக்குப் புரியுது. ஆனா…"

"ஒங்களுக்கு என்ன புரியும்?" அவர் குரல் கோபத்தில் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. அவரே கேட்டதில்லை. "செத்தவங்களுக்குத்தான்யா மூஞ்சியில துணியப் போடுவாங்க. எங்கக்கா உசுரோட இருந்து என்னையத் தேடிக்கிட்டிருக்கயில நீங்க போட்டீங்க. போட்டுட்டுப் பக்கத்துல நின்னு பல்லைக் காட்டுனீங்க. அவ சாகுறதுக்கு முன்னாலயே எழவு கொண்டாடிட்டு, இப்ப எதுக்கு இன்னொரு கூட்டம்?"

திருமுருகன் தலைவரின் காதில் குனிந்து, "வேதனையின் வெளிப்பாடு. குறிப்புல உருக்கமா ஏற்புரை ஆற்றினார்னு போட்டுக்கலாம்" என்றார்.

தலைமையாசிரியரின் ரகசியம் வகுப்புக்கே கேட்கும், சவரிநாதனுக்கும் கேட்டது. உள்ளே போனார். மன்றம் நினைவுப் பரிசாகச் சட்டம் போட்டு அனுப்பியிருந்த படத்தை எடுத்துவந்தார். சரிகைப் பொன்னாடையால் முழுக்க மூடிய கணினி. பக்கத்தில் சிரிக்கும் சோலையப்பன். அதைத் தலைவரின் மடியில் வைத்தார்.

"இதான் நீங்க காட்டுன மொகம். இதையே போடுங்க."

செருப்பால் அடித்ததாக நினைத்துத்தான் கொடுத்தார். வேறு மனிதராக இருந்தால் அந்த நாற்காலியிலேயே செத்திருப்பார். சோலையப்பன் படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். தாம் நன்றாக விழுந்திருப்பதைக் கவனித்தார்.

"பரவாயில்ல. இதுல நானும் இருக்கேன்" என்றார்.

மறுநாள் காலை சவரிநாதன் அக்காவுக்காகச் சர்ச்சில் பூசை வைக்க ஆவூருக்குப் போக பஸ்ஸுக்கு நின்றார். முச்சந்தியில் புது ஃப்ளெக்ஸ். மேலே "கண்ணீர் அஞ்சலி." நடுவில் பொன்னாடை போர்த்திய கணினி, அதைச் சுற்றி அச்சில் ஒரு மாலை, இரு பக்கமும் குத்துவிளக்கு. பக்கத்தில் சோலையப்பன் அதே சிரிப்போடு.

கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்ற பூக்காரப் பெண் அதை அண்ணாந்து பார்த்தாள். ஒருமுறை பார்த்துப் புரியாமல் மறுமுறையும் பார்த்தாள்.

"என்னங்கய்யா இது, கம்ப்யூட்டர் செத்ததுக்கா போர்டு வச்சிருக்காங்க?"

"இல்லம்மா" என்றார் சவரிநாதன். "எங்க அக்காவுக்கு. அந்தத் துணிக்குப் பின்னாடி இருக்காங்க."